ஊரைக் கூட்டிய குரல்

பத்துப் பேரைச் சண்டைக்குக் கூட்டுவது சுலபம். ஆயிரம் பேரை ஓர் இரவு முழுவதும், கையில் கம்பு இல்லாமலும் மனத்தில் வன்மம் இல்லாமலும், ஒரே பந்தலின் எதிரே உட்கார வைப்பது எவ்வளவு கடினமான காரியம் என்பதைத் திருவிழா நடத்திப் பார்த்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மழை வரக்கூடாது, மனஸ்தாபம் வரக்கூடாது, வரவேண்டிய நடிகர் வராமல் இருக்கக்கூடாது. இவ்வளவும் கூடி வந்தால், மறுநாள் காலையில் கண் சிவந்து வீடு திரும்பும் ஜனங்கள், முந்தின நாள் மாலையில் வந்த ஜனங்களாக இருப்பதில்லை. ஒரே பாட்டுக்குத் தலையசைத்தவர்கள், ஒரே ஹாஸ்யத்துக்குச் சிரித்தவர்கள் என்ற ஓர் உறவு அவர்களுக்குள் ஏற்பட்டுவிடுகிறது.

இப்படி ஊரைக் கூட்டுவதையே வாழ்க்கைத் தொழிலாகவும் தேசத் தொண்டாகவும் கொண்டிருந்த ஒரு மகாபுருஷரைப் பற்றி நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். அவர் பிறந்த ஊர் சிவகாசி. பெயர் விசுவநாததாஸ். ஆனால் அவருடைய சரித்திரத்துக்குள் புகுவதற்கு முன், அவர் நின்ற மேடை எப்படிப்பட்டது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

மேடை பிறக்கும் விதம்

சிவகாசித் தாலுகாவைச் சேர்ந்த எம். புதுப்பட்டியையும் அதை ஒத்த கரிசல் கிராமங்களையும் நேயர்களில் பலர் அறிந்திருக்கலாம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் வெள்ளாமை. பொய்த்தால் தீப்பெட்டி, வெடிக்கட்டு, அச்சுவேலை என்று சிவகாசியின் தொழில்கள்தாம் கஞ்சி வார்க்கவேண்டும். நாள் முழுவதும் மருந்தோடும் நெருப்போடும் பழகுகிறவர்களுக்கு, வருஷத்தில் சில நாட்களாவது பயமற்ற வெளிச்சம் வேண்டாமா? பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் வரும் அம்மன் பொங்கலும் அய்யனார் திருவிழாவும்தான் அந்த வெளிச்சம்.

இந்தப் பிரதேசத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் நாடகம் உண்டு. நாடகம் என்றால் ஸ்பெஷல் நாடகம். ஊர்ப் பெரியவர்கள் கூடித் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். ஏழையும் கொடுக்கவேண்டும், பணக்காரனும் கொடுக்கவேண்டும். வசூலான பணத்தை மடியில் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று பேர் மதுரைக்குப் போகிறார்கள். அங்கே நாடக ஏஜெண்டு இருக்கிறார். எந்த ராஜபார்ட் எந்தத் தேதியில் ஒழிவாக இருக்கிறார், எந்த ஸ்திரீபார்ட்டுக்கும் எந்த பபூனுக்கும் ஜோடிப் பொருத்தம் நன்றாக அமையும், எந்த ஆர்மோனிய வித்வான் வந்தால் கூட்டம் சேரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தாம்பூலம் மாற்றி முன்பணம் கொடுத்தவுடன் நோட்டீஸ் அச்சாகிறது. நோட்டீஸ் ஊருக்கு வந்து சுவரில் ஒட்டப்பட்டதுமே திருவிழா பாதி நடந்த மாதிரிதான்.

பட்டணங்களில் இதே காரியத்தைச் செய்தவருக்குக் காண்டிராக்டர் என்று பெயர். கொட்டகையை வாடகைக்குப் பிடிப்பதும், நடிகர்களுக்கு முன்பணம் கொடுப்பதும், டிக்கட் விற்பதும் அவர் பொறுப்பு. கூட்டம் வந்தால் லாபம். வராவிட்டால் வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகும். நாடகமேடையின் பெருமையைப் பேசுகிறவர்கள் நடிகர்களைப் பற்றியே பேசுகிறார்கள். தம் கைப்பணத்தையும் மானத்தையும் பணயம் வைத்து ஜனங்களைக் கூட்டியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முன்பின் அறியாதவர்கள்

ஸ்பெஷல் நாடகத்தின் விசித்திரம் என்னவென்றால், அதில் நடிப்பவர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்களாக இருப்பதில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்குமேல் திரை தூக்கினால், விடிவெள்ளி தோன்றும் வரையில், ஏற்கெனவே சேர்ந்து பயின்றவர்களைப் போல வசனமும் பாட்டும் தர்க்கமுமாக நடத்திச் செல்வார்கள்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் கிருபையினால்தான். 1867-இல் தூத்துக்குடிச் சீமையில் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் மறைந்த அந்த மகான், வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்களைப் பாட்டும் வசனமுமாக எழுதி வைத்துப் போனார். தமிழ்நாட்டு நடிகர்கள் யாவரும் அவற்றையே பாடம் செய்தார்கள். ஆகையால் மதுரை நடிகரும் புதுக்கோட்டை நடிகையும் மேடையில் முதல் தடவை சந்தித்தாலும், இருவருக்கும் பாடம் ஒன்றுதான். ஒரே நூலைப் படித்தவர்கள் ஒரு குடும்பத்தார் ஆகிவிடுகிறார்கள்.

ஆனால் இந்த முறையில் ஓர் ஆபத்தும் இருந்தது. கம்பெனியில் முதலாளி இட்டது சட்டம். யாரோடு நடிக்கச் சொன்னாலும் நடித்துத்தான் ஆகவேண்டும். ஸ்பெஷல் நாடகத்திலோ ஒவ்வொருவரும் தம் இஷ்டப்படி ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். 'இன்னாரோடு நான் மேடை ஏறமாட்டேன்' என்று நாலு பேர் சொல்லிவிட்டால், அந்த இன்னாருடைய பிழைப்பு அதோடு முடிந்தது. எவ்வளவு இனிய சாரீரம் இருந்து என்ன பயன்? எதிர்ப்பாட்டுப் பாட ஆள் வேண்டுமே!

இந்த ஆபத்துதான் சிவகாசியில் பிறந்த அந்த இளைஞருக்கு நேர்ந்தது.

பிறந்த ஊரும் பிறந்த குலமும்

விசுவநாததாஸ் 1886-ஆம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி சிவகாசியில், மருத்துவர் குலத்தில் தோன்றினார். க்ஷவரத் தொழிலும் நாட்டு வைத்தியமும் மங்கள வாத்தியமும் அந்தக் குலத்தாருக்குப் பரம்பரையாக உரியவை. ஊருக்கு நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் அவர்கள் இல்லாமல் ஒரு சடங்கும் நடவாது. ஆனால் சடங்கு முடிந்ததும் அவர்கள் எட்ட நிற்கவேண்டும். இந்த விந்தையான நியாயம் நம் தேசத்துக்கே உரியது!

அந்த நாளைய சிவகாசி எப்படி இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். வியாபாரத்தினால் செழித்து வந்த அவ்வூரில், நாடார் சமூகத்தார் சிவன் கோயிலுக்குள் செல்லும் உரிமையைக் கோரினார்கள். அதிலிருந்து மூண்ட பகை நாளுக்கு நாள் வளர்ந்து, 1899-ஆம் வருஷம் ஜூன் 6-ந் தேதி பெருங் கலகமாக வெடித்தது. சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஆயுதபாணிகளாகத் திரண்டு வந்தார்கள். வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. 'சிவகாசிக் கொள்ளை' என்று இன்றும் சரித்திரத்தில் குறிக்கப்படுகிறது. விசுவநாததாஸுக்குப் பதின்மூன்று வயது நிறைவதற்குப் பத்து நாட்கள் இருந்தன.

கோயில் வாசலில் யார் நிற்கலாம், யார் நுழையலாம் என்ற கேள்விக்காக அவர் பிறந்த ஊரே தீப்பற்றி எரிந்தது. அந்த ஊரில் பிறந்தவர், பின்னாளில், கோயிலுக்குள் இருக்கவேண்டிய முருகப்பெருமானைப் பந்தலுக்குக் கொண்டுவந்து, வந்தவர்கள் எல்லாருக்கும் தரிசனம் செய்து வைத்தார் என்பது சாமானிய விஷயமா?

மறுத்தவர்களும் மறுக்க முடியாத குரலும்

அவருடைய குடும்பம் திருமங்கலத்தில் குடியேறிற்று. சிறு வயதிலேயே அவருக்குப் பாட்டில் மோகம் உண்டாயிற்று. நாடகமேடையில் முதலில் ஸ்திரீபார்ட்டாகவும், பிறகு ராஜபார்ட்டாகவும் பிரசித்தியடைந்தார்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள் அழும், முறுக்கு விற்பவன் கூவுவான். அத்தனை சப்தத்தையும் மீறிக் கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் காதில் விழவேண்டும். சுருதியை உச்சத்தில் வைத்து, விடிய விடியப் பாடி, காலையில் மங்களம் பாடும்போதும் குரல் கம்மாமல் இருப்பவருக்குத்தான் ராஜபார்ட் என்ற பெயர் நிலைக்கும். விசுவநாததாஸின் சாரீரம் அப்படிப்பட்டது.

அப்பேர்ப்பட்டவரோடு நடிப்பதற்கு நடிகர்களும் நடிகைகளும் பலர் மறுத்தார்கள். காரணம், அவர் பிறந்த குலம். மேடையில் அவர் முருகனாக வரும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கைகள், திரைக்குப் பின்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தன.

மனம் சலித்து மேடையை விட்டு அவர் விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் விலகவில்லை. ஜனங்கள்பால் சென்றார். அவருடைய பாட்டைக் கேட்டுவிட்ட ஜனங்கள் அவர் பெயரை நோட்டீஸில் எதிர்பார்த்தார்கள். ஏஜெண்டுகளும் காண்டிராக்டர்களும் சாதியைப் பார்ப்பதா, சபை நிறைவதைப் பார்ப்பதா என்று யோசிக்கவேண்டியதாயிற்று. சபை நிறைவதையே பார்த்தார்கள். லாபத்தை நாடித்தான் அப்படிச் செய்தார்கள் என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டுமே! சாஸ்திரிகளின் உபந்நியாசத்தினால் திறக்காத கதவு, டிக்கட் வசூலினால் சிறிது திறந்தது என்றால், டிக்கட் வசூலுக்கும் ஒரு நமஸ்காரம் செய்ய நாம் தயார்.

கொட்டகைகளில் நாற்காலி, பெஞ்சு, தரை என்று காசுக்குத் தகுந்த இடந்தான். கிராமத்துப் பந்தலில் ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், தெருத் தெருவாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள் என்பது உண்மையே. ஆனாலும் கண்கள் எல்லாம் ஒரே திசையை நோக்கின. வள்ளி என்ற வேடர் குலப் பெண்ணைத் தேவர்களின் சேனாபதி வலிய வந்து மணம் புரியும் கதையை, மருத்துவர் குலத்தில் பிறந்த ஒருவர் முருகனாகி நடித்துக் காட்டினார். கதையின் பொருள் என்னவென்று தனியாக வியாக்கியானம் செய்யவேண்டிய அவசியம் யாருக்கும் இருந்திராது.

தினைப்புனத்தில் வெள்ளைக் கொக்கு

வள்ளி திருமணத்தில் தினைப்புனக் காட்சி வருகிறது. வள்ளி பரண்மீது நின்று, கவண் வீசி, ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டுகிறாள். பறவைகள் எதற்காக வருகின்றன? பிறர் விளைத்த தினையைத் தின்பதற்காக வருகின்றன. இந்த இடத்தில் தேசபக்தி நுழைந்துகொண்டது!

மதுரகவி பாஸ்கரதாஸ் என்ற பாடலாசிரியரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். 1892-இல் பிறந்து 1952 வரையில் வாழ்ந்த இவர், மேடைக்கென்று எண்ணற்ற பாட்டுக்களை இயற்றினார். 1919-இல் ஜாலியன் வாலாபாக்கில் நடந்த படுகொலையைப் பற்றிய பாட்டும் அவற்றில் ஒன்று. பஞ்சாபில் சிந்திய ரத்தத்தைக் கரிசல் காட்டு விவசாயி அறிந்துகொண்டது பத்திரிகை மூலமாக அன்று. எழுத்து வாசனை அறியாத அவனுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நாடகமேடைதான்.

பாஸ்கரதாஸ் இயற்றிய மற்றொரு பாட்டு, வெள்ளைக் கொக்குகளைப் பற்றியது. கடலுக்கு அப்பாலிருந்து பறந்து வந்து நம் நாட்டுச் செல்வத்தைக் கொத்திச் செல்லும் கொக்கு எது என்பதைப் புரிந்துகொள்வதற்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை. விசுவநாததாஸ் முருக வேஷத்தில் அந்தப் பாட்டைப் பாடத் தொடங்கியதும் சபையில் ஆரவாரம் எழும். 'ஒன்ஸ்மோர்' குரல் கிளம்பும். மறுபடியும் பாடுவார். புராணக் கதை என்று எழுதி உத்தரவு வாங்கிய நாடகத்தில் ராஜத்துவேஷம் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் உத்தியோகஸ்தர்கள் திகைத்துப் போவார்கள். கொக்கு என்று பாடியதற்காக ஒருவரைச் சிறையில் போடுவதென்றால், அந்தக் கொக்கு தாங்கள்தான் என்று அவர்களே ஒப்புக்கொள்ளவேண்டுமே!

ஒப்புக்கொண்டார்கள். விசுவநாததாஸைப் பலமுறை கைது செய்தார்கள். விடுதலையாகி வருவார், அடுத்த ஊர் மேடையில் அதே பாட்டைப் பாடுவார். கதரும் இராட்டையும் அவர் பாட்டில் வந்துகொண்டேயிருந்தன.

பார்ப்பவனும் குற்றவாளி

இந்தக் கைதுகளுக்குப் பின்னால் இருந்த சட்டத்தைப் பற்றி நேயர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வங்காளத்தில் அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையை எடுத்துக்காட்டிய 'நீல தர்ப்பணம்' என்ற நாடகம் 1872-இல் கல்கத்தாவில் நடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து, ஆட்சியாளரை எள்ளி நகையாடும் நாடகங்களும் தோன்றின. கோபங்கொண்ட சர்க்கார் 1876-இல் நாடகச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. ராஜத்துவேஷமானது என்று தோன்றும் எந்த நாடகத்தையும் அதன்படி தடுக்கலாம்.

தடையை மீறினால் யார் யாருக்குத் தண்டனை? நடிப்பவனுக்கு மட்டும் அன்று. நாடகத்தை நடத்துவதற்கு எந்த விதத்தில் உதவியவனும் குற்றவாளி. இடம் கொடுத்தவனும் குற்றவாளி. தடை என்று தெரிந்தும் வந்து பார்த்தவன்கூடக் குற்றவாளி! மூன்று மாதம் வரையில் சிறைவாசம், அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இந்தச் சட்டத்தை எழுதிய ஆங்கிலேயர்கள் ஒரு பெரிய உண்மையைத் தாங்கள் அறியாமலே எழுதி வைத்தார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. மேடையில் பாடுபவரும், பந்தல் போட்டவரும், பணம் கொடுத்தவரும், தரையில் உட்கார்ந்து கேட்டவரும் எல்லாரும் ஒரே குற்றத்தில் பங்காளிகள் என்று அது சொல்லிற்று. சாதியும் தெருவும் பிரித்து வைத்திருந்தவர்களைச் சர்க்காரின் சட்டமே ஒரே கூட்டத்தாராக்கிவிட்டது.

விசுவநாததாஸை அழைத்து நாடகம் போட்ட ஊர்க்காரர்களின் துணிச்சலை இதை வைத்து அளந்து பார்க்கவேண்டும். வரி போட்டுச் சேர்த்த பணம் கையை விட்டுப் போகலாம். நடு இரவில் நாடகம் நின்றுபோகலாம். மறுநாள் போலீஸ் விசாரணை வரலாம். இவ்வளவையும் தெரிந்துகொண்டே, மடியில் முன்பணத்தோடு மதுரைக்கு ரயில் ஏறினார்களே, அவர்களுடைய பெயர்கள் எந்தத் தியாகிகள் பட்டியலிலும் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் விசுவநாததாஸ் எங்கே நின்று பாடியிருப்பார்?

நம் நாட்டில் இவ்விதம் மேடையால் தேசத்தைத் தட்டி எழுப்பியவர் விசுவநாததாஸ் ஒருவர்தான் என்று நாம் சொல்லவில்லை. வங்காளத்தில் பாரிசால் பிரதேசத்தைச் சேர்ந்த முகுந்த தாஸ், சுதேசி இயக்கத்தின்போது 'ஜாத்ரா' என்னும் கிராம நாடகங்களை ஊர் ஊராக நடத்தி, அதற்காகச் சிறை சென்றார். அவர் பெயரிலும் ஒரு தாஸ் இருப்பது பொருத்தமே. இருவரும் ஜனங்களின் தாசர்கள்.

மேடையும் பொதுக்கூட்டமும்

1923-இல் சிவகாசி இளைஞர்களான ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழிலைத் தங்கள் ஊரில் ஆரம்பித்தார்கள். அதே வருஷத்தில் விருதுபட்டி என்ற ஊர் விருதுநகர் என்று பெயர் பெற்றது. 1903-இல் அந்த ஊரில் பிறந்த காமராஜர் அப்போது இருபது வயது வாலிபர். காங்கிரஸ் பொதுக்கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்வதில் முழு மூச்சாக ஈடுபட்டிருந்தார். தண்டோராப் போடுவதும், ஆட்களைத் திரட்டுவதும், வெளியூர்ப் பிரசங்கிகளை வரவழைப்பதும் அந்தக் காலத்து இளந் தொண்டர்களின் வேலை. நாடகக் காண்டிராக்டரின் வேலைக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்கலாம். காமராஜரின் அரசியல் குருவான தீரர் சத்தியமூர்த்தியே, சென்னை சுகுண விலாச சபையின் மேடையில் வேஷம் கட்டி நடித்தவர்தாம்.

ஸ்பெஷல் நாடகமேடையின் இரு கண்களாக விளங்கிய எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இதே காலத்தவர்கள். 1933-இல், இருபத்தேழாவது வயதில், கிட்டப்பா காலமான பிறகு, சுந்தராம்பாள் தமது வெண்கலக் குரலைக் காங்கிரஸ் கூட்டங்களுக்கு அர்ப்பணம் செய்தார். அந்தக் காலத்து ஜனங்கள் பாட்டுக் கேட்க வந்து பிரசங்கத்தையும் கேட்டுவிட்டுப் போனார்கள். 1931-இல் 'காளிதாஸ்' என்ற பேசும் படம் வந்தபோது, பாஸ்கரதாஸின் பாட்டு மேடையிலிருந்து வெள்ளித் திரைக்கும் ஏறிற்று.

கோயில் கதவும் ஒருவாறு திறந்தது. 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ந் தேதி, மதுரை வைத்தியநாதய்யர், பி. கக்கன் முதலிய ஹரிஜனத் தொண்டர்களையும், விருதுநகரைச் சேர்ந்த நாடார் சமூகப் பிரமுகர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாக்ஷியம்மன் ஆலயத்துக்குள் பிரவேசித்தார். சிவகாசி எரிந்து நாற்பது வருஷங்கள் கழிந்திருந்தன. அந்த நாற்பது வருஷங்களில் பெரும் பகுதியை விசுவநாததாஸ் மேடையில் கழித்திருந்தார். சட்டசபையில் சட்டம் செய்கிறவர்களும் சத்தியாக்கிரகம் செய்கிறவர்களும் கதவைத் திறக்கிறார்கள். திறந்த கதவின் வழியே ஒருவரோடொருவர் தோள் உரசி நடப்பதற்கு ஜனங்களின் மனத்தைப் பழக்கியவர்களில், விடிய விடியப் பாடிய இந்த நாடகக்காரரையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும்.

கடைசி இரவு

விசுவநாததாஸ் பொருள் சேர்க்கவில்லை. சிறைக்கும் மேடைக்குமாக மாறி மாறிச் சென்றவரிடம் பணம் எப்படித் தங்கும்? ஐம்பது வயதைக் கடந்த பிறகும் ஊர் ஊராகச் சென்று பாடினார்.

1940-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருக வேஷத்தில் மயில்மேல் அமர்ந்து அவர் காட்சி கொடுத்தார், பாடினார். பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. எத்தனையோ இரவுகள் எத்தனையோ ஊர்களுக்கு விடியும் வரையில் துணையிருந்த அந்தக் குரல், அன்று இரவு பாதியில் நின்றது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

முருக வேஷத்தைக் கலைக்காமலே அவருடைய பூதவுடலை ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். ஜனங்கள் திரள் திரளாகப் பின் தொடர்ந்தார்கள். கூட நடிக்க மாட்டேன் என்று ஒரு காலத்தில் மறுக்கப்பட்டவரின் பின்னால் ஒரு பட்டணமே நடந்து சென்றது. இதைவிடப் பெரிய சபையை எந்தக் காண்டிராக்டரும் அவருக்காகக் கூட்டியதில்லை. சுதந்திரம் வருவதற்கு இன்னும் ஆறு வருஷங்களும் ஏழரை மாதங்களும் இருந்தன.

மிஞ்சியிருப்பது

திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த இல்லத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் நினைவு இல்லமாக வைத்துப் போற்றி வருகிறது. பாஸ்கரதாஸ் எழுதி வைத்த நாட்குறிப்புக்கள் இந்த நூற்றாண்டில் புத்தகமாக வெளிவந்திருக்கின்றன. நாடகச் சட்டமோ, சுதந்திரம் வந்து எழுபது வருஷங்களுக்கு மேலும் சட்டப் புத்தகத்தில் கிடந்துவிட்டு, 2018-இல்தான் நீக்கப்பட்டது. சட்டங்களுக்கு எவ்வளவு ஆயுசு பாருங்கள்! பாட்டை அடக்கப் பிறந்த சட்டம் போய்விட்டது, பாட்டு இருக்கிறது.

ஸ்பெஷல் நாடகமும் இருக்கிறது. மதுரையில் நாடக நடிகர் சங்கத்தார் சங்கரதாஸ் சுவாமிகளுக்கு ஆண்டுதோறும் குருபூஜை நடத்துகிறார்கள். தென் மாவட்டங்களின் கிராமங்களில் இன்னும் வள்ளி ஆலோலம் பாடுகிறாள். இன்னும் முருகன் கிழவனாக வந்து தண்ணீர் கேட்கிறான். ஆனால் சினிமாவும், மெல்லிசைக் குழுக்களும், கைக்குள் அடங்கும் பெட்டிகளும் வந்த பிறகு, விடியும் வரையில் உட்கார்ந்து கேட்கும் பொறுமை குறைந்து வருவது கண்கூடு. வீட்டுக்குள் தனித் தனியே உட்கார்ந்து ஆயிரம் பாட்டுக் கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் எந்தப் பாட்டுக்குக் கண் கலங்கினான் என்பது மட்டும் தெரியாது.

எம். புதுப்பட்டியைப் போன்ற ஊர்களில் இன்றைக்கும் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். வெயிலில் நிற்கிறார்கள், 'நாளைக்கு வாருங்கள்' என்ற பதிலைக் கேட்டுக்கொள்கிறார்கள், கணக்கில் ஐந்து ரூபாய் குறைந்தால் ஊராரின் ஏச்சையும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். இவர்கள் செய்வது பொழுதுபோக்குக்கான ஏற்பாடு என்று நாம் அலட்சியமாக நினைத்துவிடக்கூடாது. ஒரு காலத்தில் இப்படி நோட்டுப் புத்தகத்தோடு அலைந்தவர்கள்தாம் விசுவநாததாஸுக்கு மேடை போட்டுக் கொடுத்தார்கள்.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறவர்களை வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள். நாடகம் நடக்கும் இரவில் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய், பாய் விரித்து உட்காருங்கள். பக்கத்தில் வந்து உட்காருகிறவர் யார், எந்தத் தெரு என்று விசாரிக்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். தினைப்புனக் காட்சி வரும்போது, இந்த மேடையில் நின்று பாடியதற்காகச் சிறை சென்றவர் ஒருவர் இருந்தார், அவர் நம் சிவகாசியில் பிறந்தவர் என்று குழந்தைகளின் காதில் சொல்லுங்கள். அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.